சுற்றுச்சூழல் நிலவியல் மாணவருக்கு ஆய்வு வாய்ப்பும் பணமும்: கேள்வி முதல் கணக்கு முடிப்பது வரை

நிலவியல் துறை வராண்டாவில் அதிகம் காதில் விழும் கேள்வி, "எந்த ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாம்?" என்பது. கேட்பவர் கையில் பெரும்பாலும் ஆய்வுக் கேள்வி எதுவும் இருக்காது. பணம் தருகிறவர்கள் முதலில் பார்ப்பதோ அதைத்தான். இன்னொன்று, நம் துறையில் பணம் எப்போதும் ரூபாயாகவே வருவதில்லை. ஒரு கருவியில் இரண்டு நாள் நேரம், இலவசத் தரவு, ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இரண்டு மாத இடம் ஆகியவையும் பணம்தான். முதுகலை முடிக்கும்வரை உங்கள் கைக்கு வரும் உதவியில் முக்கால்வாசி இந்த வடிவில்தான் வரும். அதைத் தெரிந்துகொண்டு தேடினால் வழிகள் நிறைய இருக்கின்றன.

தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ நிலவியல், புவி அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல், தொலையுணர்வு படிக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொகைகளும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

படி 1: அளக்கக்கூடிய ஒரு கேள்வி

நம் ஊரில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உட்புகுதல். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு. நொய்யலில் சாயக்கழிவும் ஒரத்துப்பாளையம் அணையும். மணவாளக்குறிச்சி கடற்கரையில் மோனசைட் மணல். இவை ஒவ்வொன்றின் மேலும் ஏற்கெனவே நிறைய ஆய்வேடுகள் இருக்கின்றன. அதனால் "தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரின் தரம்: ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்தால், படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

அதே இடம், அதே ஃப்ளோரைடு. கேள்வியை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள்: ஒரே ஊரில் ஆழ்துளைக் கிணற்றிலும் அதன் அருகே இருக்கும் திறந்த கிணற்றிலும் ஃப்ளோரைடு எவ்வளவு வேறுபடுகிறது? வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு அந்த வேறுபாடு குறைகிறதா, கூடுகிறதா? இதற்கு நிலவியல் காரணம் சொல்ல முடியும். கிரானைட், நைஸ் பாறைகளில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட், ஃப்ளூரைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு நீருக்கு வருகிறது. நீர் பாறையோடு எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவு கூடும். பைகார்பனேட் அதிகமாகவும் கால்சியம் குறைவாகவும் இருக்கும் நீரில் ஃப்ளோரைடு தங்கிவிடும். கால்சியம் இருந்தால் ஃப்ளூரைட்டாகப் படிந்துவிடும். ஆக, ஃப்ளோரைடோடு சேர்த்துக் கால்சியம், சோடியம், பைகார்பனேட் மூன்றையும் அளந்தால் ஒரு வாதம் கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 இருக்கிறது: ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை.

கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: எந்த எண் வந்தால் என் யூகம் தப்பு என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: சும்மா கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் நிலவியல் வரைபடங்களும் புவிவேதியியல் தரவும் கிடைக்கின்றன. 2023 டிசம்பரில் தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் திறக்கப்பட்டது. நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நீரின் தரத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் தரவும் இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ் என்ற நீர்வளத் தகவல் தளமும் இருக்கின்றன. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் உண்டு, 2008 முதல் அவை இலவசம். சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் 2015 முதல் கிடைக்கின்றன. இவற்றை வரைபடமாக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் காசு வேண்டாம்.

இவற்றை வைத்தே ஒரு முழு இளங்கலைத் திட்டத்தை முடிக்கலாம். 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீர்ப்பரப்பு மழைக்கு முன், மழைக்குப் பின் என்று முப்பது வருடத்தில் எப்படி மாறியது என்று பார்ப்பதற்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும். நேரில் போய்ச் சரிபார்க்க சென்னைக்குள் பேருந்துக் காசு.

இப்படி ஒரு சின்ன வேலையைச் செய்து, ஒரே ஒரு நல்ல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கேட்கப் போகிறவருக்கும் வெறும் கையோடு போகிறவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. விண்ணப்பத்தில் "முதற்கட்ட முடிவுகள்" என்ற இடத்தை நிரப்புவது அந்த வரைபடம்தான்.

படி 3: மாநிலத்துக்குள் கிடைக்கும் சின்னத் தொகை

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு உதவி தருகிறது. இறுதியாண்டு மாணவர்களின் திட்டங்களுக்கானது இது. வழிகாட்டும் ஆசிரியர், துறைத் தலைவர், முதல்வர் கையெழுத்தோடு போக வேண்டும். தொகை சில ஆயிரம் ரூபாய்தான். "இதற்கு இவ்வளவு பேப்பரா?" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதை விடவே கூடாது. பாட்டில், ரசாயனம், நான்கு பேருந்துப் பயணம், கொஞ்சம் பகுப்பாய்வுக் கட்டணம் இதில் அடங்கிவிடும். வெளியிலிருந்து ஒருவர் உங்கள் கேள்வியைப் படித்துப் பணம் தந்திருக்கிறார் என்பது அடுத்த விண்ணப்பத்தில் ஒரு வரியாக நிற்கும். அந்த வரிக்கு அந்தத் தொகையைவிட மதிப்பு அதிகம்.

மத்திய அரசின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை பெறும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்று சொல்லப்படும் தொகையில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுக்கானது. ஒரு வழிகாட்டியின் கீழ் வேலை செய்து அறிக்கை கொடுத்தால்தான் அது வரும். அந்த அறிக்கையை ஏனோதானோ என்று எழுதி அனுப்பாமல், உங்கள் இறுதியாண்டுத் திட்டத்தின் முதல் பாதியாக அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கோடையில் ஒரு ஆய்வகத்துக்குள் நுழைவது

இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையைத்தான். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் இருக்கும் அந்த அகாதமிகள் இரண்டு மாதத்துக்கு உங்களை ஒரு விஞ்ஞானியிடம் அனுப்பும். மாத உதவித்தொகையும் உண்டு. புவி அறிவியல் தனிப் பிரிவு. விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களில் திறக்கும். நம் பிள்ளைகள் ஏப்ரலில் விசாரிக்கத் தொடங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். கேட்பது ஒரு சிறு எழுத்துக் குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும். அந்தக் குறிப்பில் "சிறு வயது முதலே இயற்கை மீது ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். படி 1-இல் செய்த கேள்வியையும், அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஐஐடிகள் பலவும் தனியாகக் கோடைத் திட்டங்கள் வைத்திருக்கின்றன, சென்னை ஐஐடியும் சேர்த்து. இவை தவிர நேரடியாக எழுதிக் கேட்கும் வழி இருக்கிறது. ஹைதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், திருவனந்தபுரத்தில் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம், கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனமும் துருவ, கடல் ஆய்வு மையமும், பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆய்வு மையம், ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனம், கோழிக்கோட்டில் நீர்வள மையம். பல இடங்களில் முதுகலை ஆய்வேட்டுக்கு மாணவரை எடுப்பார்கள், ஆனால் உதவித்தொகை இராது. சில இடங்களில் நீங்கள்தான் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும்? ஒரே நாளில் நாற்பது பேருக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று அனுப்பும் கடிதம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படியுங்கள், சுருக்கத்தை மட்டும் அல்ல, முறைகள் பகுதியையும். பிறகு பத்து வரிக்குள்: நான் யார், எங்கே படிக்கிறேன், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், எனக்கு என்ன செய்யத் தெரியும், உங்கள் கட்டுரையில் எந்த இடம் என் வேலையோடு சேர்கிறது. "என்ன செய்யத் தெரியும்" என்ற இடத்தில் "கடின உழைப்பாளி" என்று எழுதுவதைவிட "டைட்ரேஷன் மூலம் கால்சியம், குளோரைடு அளந்திருக்கிறேன், கியூஜிஐஎஸ்ஸில் கிணற்றுத் தரவை வரைபடமாக்கத் தெரியும்" என்று எழுதினால் வேலை நடக்கும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 5: கருவி நேரம் கேட்பது

நம் துறையில் செலவு அதிகம் ஆவது பகுப்பாய்வில்தான். உலோகங்களை அளக்கும் ஐசிபி கருவி உங்கள் கல்லூரியில் இல்லாமல் இருக்கலாம். சென்னை ஐஐடியில் இருக்கும் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் திறந்தது, கல்விக்கான கட்டணம் தொழிற்சாலைகளுக்கானதைவிடக் குறைவு. ஐ-ஸ்டெம் தளத்தில் நாடு முழுக்க எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கேயே நேரம் கேட்கலாம். டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கென்றே நடப்பது. வண்டல் படிவுகளின் வயதைக் கார்பன்-14 முறையில் கணிக்க வேண்டுமானால் அங்கே உங்கள் வழிகாட்டி மூலம் முன்மொழிவு அனுப்பலாம்.

கருவி இயக்குபவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாதிரியை எப்படித் தயார் செய்ய வேண்டும், குறைந்தபட்ச அளவு எவ்வளவு, எந்தச் செறிவுக்குக் கீழே கருவி அளக்காது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விலைப்புள்ளி கேட்டு வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்தால், வரவுசெலவுப் பகுதியில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

படி 6: முன்மொழிவு

இதில்தான் பெரும்பாலானவை கவிழ்கின்றன. கவிழும் இடம் அறிமுகப் பகுதி இல்லை, முறைகளும் பணக் கணக்கும்தான்.

ஃப்ளோரைடு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 25 கிணறு, மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, 50 மாதிரி. அதோடு பத்து மாதிரிக்கு ஒன்று வீதம் இரட்டை மாதிரி, அதாவது ஒரே கிணற்றில் இரண்டு பாட்டில்: 5. ஒவ்வொரு தடவையும் காய்ச்சி வடித்த நீரை நிரப்பிய வெற்று மாதிரி ஒன்று: 2. மொத்தம் 57. இந்த ஏழு கூடுதல் பாட்டில்களைக் கணக்கில் போட்டவரைப் பார்த்ததும் மதிப்பீட்டாளருக்கு ஒரு நம்பிக்கை வரும், இவர் களத்தைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று.

எடுக்கும் முறையையும் எழுதுங்கள். கண்ணாடி வேண்டாம், பாலிஎத்திலீன் பாட்டில். ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய நீர் வெளியேறி, மின்கடத்துதிறன் அளவு நிலையானதும் பிடிக்க வேண்டும். அதே நீரால் பாட்டிலை மூன்று தரம் அலச வேண்டும். பிஎச், மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றையும் அங்கேயே அளக்க வேண்டும், விடுதிக்கு வந்து அளந்தால் பிஎச் மாறியிருக்கும். உலோகங்களுக்கான பாட்டில் தனி: 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஎச்சை 2-க்குக் கீழே இறக்க வேண்டும். ஃப்ளோரைடு, பைகார்பனேட் அளக்கும் பாட்டிலில் அமிலம் சேர்க்கக் கூடாது. பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாதீர்கள். மூடிகள் இடம் மாறும், பாட்டில் மாறாது. முடிவில் நேர், எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையைச் சமன் பார்த்து, பிழை 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று சொல்வேன் என்று ஒரு வரி போடுங்கள்.

பணக் கணக்கில் நான்கு தலைப்பு போதும்: பயணம், நுகர்பொருள், பகுப்பாய்வுக் கட்டணம், இதரச் செலவு. மடிக்கணினி கேட்காதீர்கள். சின்னத் திட்டத்தில் அதைப் பார்த்ததும் வெட்டுவார்கள், கூடவே மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அப்புறம் காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். அதனால் முதல் மாதிரிகளைச் செப்டம்பருக்குள் எடுத்தாக வேண்டும். பணம் நவம்பரில் வருகிறதென்றால்? அதற்காக மழை காத்திருக்காது. முதல் தடவைச் செலவை எப்படிச் சமாளிக்கலாம் என்று துறையோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தொடக்கத்திலேயே மழைக்குப் பின் ஒன்று, கோடையில் ஒன்று என்று திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சதுப்பு நிலக் காடு, காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஊருக்குள் கிணறு என்றால் கிணற்றுக்காரரிடமும் ஊராட்சியிலும் சொல்லிவிட்டுப் போங்கள். முடிவைத் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தால், அதைச் செய்யவும் வேண்டும்.

படி 7: முதுகலைக்குப் பிறகு

முனைவர் பட்டத்துக்கு முக்கியமான வாசல் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்ற தாள் நம்முடையது. அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இருக்கும் தொகை இது. நிலவியல் மட்டும் படித்தவர்கள் இந்தத் தாளில் கடலியலும் வளிமண்டலமும் வருவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கடினமான மூன்றாம் பகுதியில் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்குத்தான் விடை தர வேண்டும் என்பதால் தெரிந்த பிரிவுகளில் ஆழமாகப் போனால் போதும்.

பொறியியல் முதுகலை, ஆய்வுப் படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் நிலவியலும் புவி இயற்பியலும் சேர்ந்த தாள் ஒன்று, 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் தாளும் உண்டு. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். இளங்கலை முடித்து ஐஐடியில் முதுகலை படிக்க நினைப்பவர்களுக்கு ஜாம் தேர்வின் நிலவியல் தாள். பல்கலைக்கழகத்தில் முதுகலையில் முதலிடம் பெற்றவர்களுக்கு இன்ஸ்பயர் ஆய்வு உதவித்தொகை. பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் தனித்தனியே உள்ளன. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும், ஆதிதிராவிடர், பழங்குடி முனைவர் பட்ட மாணவர்களுக்கான ஊக்கத்தொகையும் தனி.

நெட் கிடைக்காதவர்கள் ஒரு வழியை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்: திட்டப் பணியிடங்கள். ஒரு பேராசிரியருக்குப் புவி அறிவியல் அமைச்சகத்திலிருந்தோ, முன்பிருந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் (எஸ்இஆர்பி) இடத்தில் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிலிருந்தோ ஆய்வுத் திட்டம் கிடைத்தால் அவர் ஆள் எடுப்பார். விளம்பரம் பல்கலைக்கழகத் தளத்தின் ஒரு மூலையில் வெளிவரும், பதினைந்து இருபது நாளில் முடிந்துவிடும். அண்ணா, சென்னை, அண்ணாமலை, பெரியார், பாரதிதாசன், புதுச்சேரிப் பல்கலைக்கழகத் தளங்களையும் மேலே சொன்ன ஆய்வு நிறுவனங்களின் தளங்களையும் வாரம் ஒரு முறை பார்ப்பது ஒரு பழக்கமாக வேண்டும். வேலைக்குச் சேரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: திட்டம் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது, இதிலேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய முடியுமா. ஆறு மாதம்தான் மிச்சம் என்றால் சம்பளத்தை நம்பி வீடு பார்க்காதீர்கள்.

படி 8: வெளிநாடு

இணையத்தில் சுற்றும் "புவி அறிவியல் மாணவர்களுக்கு 50 உதவித்தொகைகள்" போன்ற பட்டியல்களில் பாதி நமக்குப் பொருந்தாது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைக்கால இளங்கலை ஆய்வுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமானது. அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முதுகலை ஆய்வு நிதிக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் படிக்க வேண்டும். ஆகவே தகுதிப் பத்தியை முதலில் படியுங்கள், தொகையை அப்புறம் பாருங்கள்.

நமக்குத் திறந்திருப்பவற்றில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புகள் நல்ல வழி. நிலத்தடி நீரும் உலக மாற்றமும் பற்றிய கிரவுண்ட்வாட்ச் என்ற படிப்பு லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் மூன்று இடங்களில் நடக்கிறது. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கட்டணமும் அவர்களே. விண்ணப்பம் பொதுவாக அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவே. முனைவர் பட்ட மாணவர்களுக்கு சர்வதேசப் படிவியலாளர் சங்கமும் சர்வதேசப் புவிவேதியியல் சங்கமும் சிறு ஆய்வு நிதி தருகின்றன. வியன்னாவில் ஏப்ரல் வாக்கில் நடக்கும் ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியக் கூட்டத்துக்குப் பயண உதவி கேட்கலாம், அதற்கான கடைசி நாள் கட்டுரைச் சுருக்கத்துக்கான கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும்.

"உங்கள் கட்டுரை தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று கேட்காமலே வரும் மாநாட்டு மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். இடம் துபாயா பாரிஸா என்று பார்த்து மயங்க வேண்டாம்.

படி 9: பணம் வந்த பிறகு

தொகை வந்த நாளிலேயே ஒரு கோப்பு போடுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் திட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். ஆட்டோவுக்கும் வாடகை வண்டிக்கும் ரசீது கிடைக்காது, அதற்குக் கல்லூரி அலுவலகத்தில் எந்தப் படிவம் ஏற்பார்கள் என்று முன்பே கேளுங்கள். பயணத்துக்கு ஒதுக்கியதை ரசாயனத்துக்கு மாற்ற வேண்டுமானால் செலவு செய்யும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழும் (தொகையை ஒதுக்கிய வேலைக்கே செலவிட்டோம் என்று காட்டுவது) செலவுக் கணக்கும் அறிக்கையும் போக வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழ் தாமதமானால் பாதிப்பு உங்களோடு நிற்காது, அடுத்த ஆண்டு அதே துறையிலிருந்து விண்ணப்பிக்கும் ஜூனியரின் கோப்பும் நிற்கும்.

தரவை எக்செல் கோப்பாக, கிணற்றின் அட்ச, தீர்க்கரேகை, மாதிரி எடுத்த தேதி, கருவி, அளவீட்டு அலகு எல்லாம் சேர்த்து, துறையில் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி, ஆசிரியரிடம் ஒரு பிரதி என்று வைத்துவிடுங்கள். அதே 25 கிணறுகளுக்கு ஐந்து ஆண்டு கழித்து இன்னொருவர் போகும்போது அவருக்கு முதல் ஆண்டுத் தரவு தயாராக இருக்கும். அவருடைய விண்ணப்பத்தின் "முதற்கட்ட முடிவுகள்" பகுதிக்கும் அது உதவும்.